கம்பெனி கேட்டும் சனிக்கிழமைச் சம்பளமும்

நீதி தேடும் பெண்கள் – 9

கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்து, கொலைக் குற்றவாளியாக நின்ற தாயின் வழக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் அவளது நிலைக்கு நாட்டுப்புறக் கதையில் குழந்தைகளோடு கிணற்றில் மாண்ட நல்லதங்காளின் பெயரையே சூட்டி, குற்றத்தின் கடுமையைக் குறைத்தது. அவள் பட்ட பாடு நீதிமன்றத்துக்குப் புரிந்தது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. கிணற்றடிக்குப் போகுமுன் ஒரு பெண் எந்தக் கதவைத் தட்டலாம்? இந்த வாரம் அருள்புரத்தை வைத்துப் பார்ப்போம்.

திருப்பூர்–பல்லடம் சாலையில் சாயப்பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் நெருங்கிய ஊர். லைன் வீடுகளில் குடியிருப்பவர்களில் பலர் பிழைக்க வந்தவர்கள். தென் மாவட்டத்துக்காரர்கள், ஒடிசா, பீகார்காரர்கள். அடிபட்டுக் கண் வீங்கி நிற்கும் பெண்ணிடம், “உங்க ஊர்ல போய்ப் பேசி முடிச்சுக்கம்மா” என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சட்டப்படி தவறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் வேலை பார்க்கும் இடத்திலும்கூட வழக்குப் போடலாம்.

இந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு படிவம் இருக்கிறது. குடும்ப நிகழ்வு அறிக்கை என்று பெயர். அடி, உதை, வசவோடு அது நிற்கவில்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை கொடுக்காமல் விடுவது, சீதனத்தை அடகு வைப்பது எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கின்றன. சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்த அன்றே பறிபோகும் பெண், அதுவும் வன்முறைதான் என்று அறிந்திருக்கிறாளா? வாடகை லைன் வீடும் சட்டத்தின் பார்வையில் அவளது குடும்ப வீடுதான். சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அங்கிருந்து அவளைத் துரத்த முடியாது. கம்பெனி கேட்டில் வந்து நின்று மானத்தை வாங்கும் கணவனை, அவள் வேலை பார்க்கும் இடத்துக்குள் நுழையாதே என்று 18ஆம் பிரிவின்கீழ் நடுவர் தடுக்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. ஸ்டேஷனில் “இனி அடிக்க மாட்டேன்” என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, இருவரையும் ஒரே வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாள் நீதிமன்ற உத்தரவு ஆகாது. உத்தரவு வேண்டுமென்றால் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் போக வேண்டும்; நேரடியாக நடுவரிடமும் மனுச் செய்யலாம். வழக்கறிஞருக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண் என்பதாலேயே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்க இடமும் உண்டு.

மனுவை 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையிலோ வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவும் செக்கிங், பேக்கிங்கில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு ஷிஃப்ட் கூலி நஷ்டம். அடிக்கடி லீவு போட்டால் வேலையே போய்விடும் என்ற பயம் வேறு. கணவனை எதிர்த்து நிற்கத் துணிந்தவளையும் இந்தக் கூலி இழப்பு வழக்கைக் கைவிட வைத்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் பணக்கார நாடல்ல. ஆனாலும் இப்படிப்பட்ட பெண்களுக்கு 10 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு என்று 2004லேயே சட்டம் போட்டுவிட்டது.

பனியன் கம்பெனி முதலாளிகளே, இங்கும் அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். வாய்தா நாளுக்கு ஷிஃப்ட் கூலியைக் கொடுங்கள். பெண்கள் உதவி எண் 181, சட்ட உதவி எண் 15100 இரண்டையும் கேட்டிலும் கழிவறைச் சுவரிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வையுங்கள்.