பேட் பனி: பாட்டுக்கு எதிர்ப்பா, பாடுகிறவருக்கு எதிர்ப்பா?

அமெரிக்க உதைபந்தாட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் போலின் அடுத்த இடைவேளை இசை நிகழ்ச்சியை புவேர்ட்டோ ரிக்கோவின் பாடகர் பேட் பனி வழங்குவார் என்று 2025 செப்டெம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஜனாதிபதி ட்ரம்ப், அப்படியொருவரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அதே நேரத்தில் மாற்று நிகழ்ச்சியொன்றை நடத்தப்போவதாக வலதுசாரி அமைப்பொன்று அறிவித்தது. ஸ்பானிய மொழியில் பாடுபவருக்கு அமெரிக்க மேடையில் என்ன வேலை என்பதே பலரது கேள்வி.

இந்தக் கேள்வியில் ஒரு முரண் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கப் பிரஜைகள். ஆனாலும் தீவில் வசிக்கும்வரை ஜனாதிபதித் தேர்தலில் அவர்கள் வாக்களிக்க முடியாது. சட்டப்படி உள்ளே இருப்பவர்களை அந்நியராகப் பார்க்கும் பழக்கம் பழையது, பாடகர்தான் புதியவர்.

எதிர்ப்புக்கு மொழி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அவர் பாடும் ரெகேடோன், பனாமாவின் ஸ்பானிய ரெகேயும் ஜமெய்க்காவின் டான்ஸ்ஹோலும் நியூயோர்க்கின் ராப்பும் கலந்து, 1990களில் சான் ஹுவானின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த இசை. 1995இல் அங்குள்ள இசைக் கடைகளுக்குள் பொலிஸார் புகுந்து ஒலிநாடாக்களைக் கைப்பற்றினார்கள். 2002இல் இவ்விசையின் காணொளிகள் ஆபாசமானவை என்று தீவின் செனட் சபை விசாரணை நடத்தியது. அன்று முகம் சுளித்தவர்களும் ஸ்பானிய மொழி பேசியவர்கள்தான். வறியவர்களின், கறுப்பின இளைஞர்களின் குரல் என்பதே அவர்களுக்கு உறுத்தியது. 2004இல் டாடி யாங்கியின் 'கசோலினா' உலகமெங்கும் ஒலித்த பிறகே அந்த ஏளனம் குறையத் தொடங்கியது.

பெனிட்டோ மார்ட்டினெஸ் என்ற இயற்பெயர் கொண்ட பேட் பனி 1994இல் பிறந்தவர். சுப்பர்மார்க்கெட் ஒன்றில் பொருட்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே பாடல்களை இணையத்தில் ஏற்றியவர். 2019இல் தீவின் ஆளுநருக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியபோது, இசைப் பயணத்தை இடைநிறுத்திவிட்டு வந்து ஊர்வலத்தில் நின்றார். ஆளுநர் பதவி விலகினார். அதன்பின் தீவின் இளைஞர்கள் அவரைப் பாடகராக மட்டும் பார்க்கவில்லை.

2025 ஜனவரியில் வெளியான அவரது இசைத்தொகுப்பின் தலைப்பு, இன்னும் நிறையப் படங்கள் எடுத்திருக்க வேண்டும் என்று பொருள்படும். பிளேனா, சல்சா போன்ற பழைய தீவு இசைகளை அதில் கலந்ததால் தாத்தா பாட்டிமாரும் கேட்கத் தொடங்கினார்கள். தலைப்புப் பாடலோடு, இறந்துபோன உறவினர்களின் படங்களைப் பல நாட்டவர்களும் பகிர்ந்தார்கள். காஸாவின் அழிந்த தெருக்களின் பழைய படங்களும் அப்பாடலோடு வந்தன. பாடலின் மொழி தெரியாதவர்களுக்கும் இழப்பு புரிந்தது.

அதே ஆண்டு சான் ஹுவானில் 30 நிகழ்ச்சிகளை அறிவித்து, முதல் ஒன்பதையும் தீவு வாசிகளுக்கு மட்டுமே ஒதுக்கினார். உலகப் பயணத்தில் அமெரிக்கப் பெருநிலத்தைத் தவிர்த்தார். அரங்க வாசலில் குடிவரவு அதிகாரிகள் தன் ரசிகர்களைப் பிடிக்கக்கூடும் என்ற அச்சத்தையும் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார். அவரது ரசிகர்களில் பலருக்கு, ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போவதே ஆபத்தாக முடியலாம்.

விமர்சனங்கள் எல்லாமே வெறுப்பிலிருந்து வருவதில்லை. ரெகேடோன் வரிகள் பெண்களை உடலாக மட்டும் பார்க்கின்றன என்று பெண்ணியவாதிகள் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். பேட் பனியின் பாடல்களும் அதற்கு விலக்கல்ல. அந்த விமர்சனம் பாட்டைக் கேட்டபின் எழுவது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாடுகிறவரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டு அவரை மேடையிலிருந்து இறக்கச் சொல்வது வேறு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.