இருப்பதே போதும்!

மொரப்பூர் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டி பாடிய தாலாட்டு கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கிறது. பாட்டி இன்று இல்லை. பாட்டோடு மின்விசிறி இரைச்சலும் கேட்கிறது.

"புது மென்பொருள் வாங்கித் தாருங்கள்" என்கிறான் பேரன்.

வேண்டியதே இல்லை! கம்ப்யூட்டரில் 'ஆடாசிட்டி' இருக்கிறதே! 2000-ம் ஆண்டு வெளிவந்த இலவச மென்பொருள் அது.

முதலில் பாட்டுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பாட்டி வாய் திறக்கும் முன் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளுக்குக் காட்டுங்கள். பிறகு பாட்டு முழுவதிலும் இரைச்சலைக் குறையுங்கள். அளவோடு குறையுங்கள், மிஞ்சினால் குரலும் கெடும்.

மின்விசிறியின் இரைச்சல் ஒரே சீரானது. அதனால் அடங்கும். ரெயில் ஓசை மாறிக்கொண்டே இருக்கும். அது எளிதில் போகாது.

இருந்துவிட்டுப் போகட்டும்! பாட்டி பாடியது மொரப்பூரில் அல்லவா?