யாழ்ப்பாணத்தில் இருந்து ஏஐயிடம் கேள்வி கேட்கிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

நெல்லியடியில் இருந்து கேட்டாலும் நியூயோர்க்கில் இருந்து கேட்டாலும் அதே சாட்ஜிபிடி, அதே ஜெமினி! ஆனால் ஒருவருக்கு முத்துப்போலப் பதில் வருகிறது, இன்னொருவருக்குச் சப்பென்று வருகிறது. ஏன்? எல்லாம் கேட்ட விதம்! ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த சங்கதிகளும், குடாநாட்டில் இருந்து கேட்பவர்களுக்கென்றே வந்து சேரும் வில்லங்கங்களும் இதோ!

‘யாழ்ப்பாணம்’ எத்தனை பைட் தெரியுமா?

தமிழில் ஆறே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினாலும் ஆறே எழுத்து. ஆனால் கணினிக்குள் போனதும் ஆங்கிலப் பெயர் 6 பைட், தமிழ்ப் பெயர் 33 பைட்! யுனிகோட் முறையில் மெய்ப்புள்ளிக்கு ஒரு குறி, துணைக்காலுக்கு ஒரு குறி என்று நம் ஆறு எழுத்தும் 11 குறிகளாகப் பிரிகின்றன. யுடிஎஃப்-8 கணக்கில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். பெருக்கிப் பாருங்கள்!

இவற்றை ‘டோக்கன்’ எனும் துண்டுகளாக்கித்தான் சாட்பாட் வாசிக்கிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ ஒரு மாதிரி வாசகத்தைப் பல மொழிகளில் காட்டியது. பழைய முறையில் தமிழுக்கு 116 டோக்கன், புதிய முறையில் வெறும் 35! ஆகவே மிச்சம் பிடிப்பதற்காகக் கேள்வியைச் சுருக்க வேண்டாம். நாலு வரி கூடுதலாக, தமிழ் எழுத்திலேயே விளக்கமாகக் கேளுங்கள். இன்னொன்று, எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் துண்டாகப் பார்க்கும் இயந்திரத்திடம் வெண்பா கேட்டால் தளை தட்டாமல் வரும் என்று நம்பிவிடாதீர்கள்!

திருநெல்வேலி என்றால் எந்தத் திருநெல்வேலி?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில். நமக்கு இது சாதாரணச் செய்தி. ஆனால் “திருநெல்வேலியில் பார்க்க என்ன இருக்கு?” என்று மொட்டையாகக் கேட்டால் நெல்லையப்பர் கோயிலும் அல்வாவும் தாமிரபரணியும் வரிசையாக வந்து நிற்கலாம்! இணையத்தில் தமிழ்நாட்டுத் திருநெல்வேலி பற்றிய எழுத்து மலைபோலக் குவிந்து கிடக்கிறது, நம்முடையது கையளவு. எது அதிகமோ அந்தப் பக்கம்தான் சாட்பாட் சாயும். கொழும்புத்துறை கொழும்பில் இல்லை என்பதையும் சிலவேளை நாமேதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்!

தீர்வு மிகச் சுலபம். கேள்வியின் முதல் வரியிலேயே “நான் இலங்கை, யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து கேட்கிறேன்” என்று போட்டுவிடுங்கள். ஊர்ப்பெயருக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் இருந்தால் அதையும் சேருங்கள். நெடுந்தீவை ஆங்கில நூல்கள் டெல்ஃப்ட் என்றும், ஊர்காவற்றுறையைக் கயிற்ஸ் என்றும்தான் எழுதுகின்றன.

ஒரு கரண்டித் தூளில் குழம்பே மாறிவிடும், தெரியுமா?

நம் அடுப்படியில் ‘தூள்’ என்றால் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைத்த கறித்தூள். சாட்பாட் தரும் நண்டுக்கறிச் செய்முறையிலோ மிளகாய்த்தூள் வேறு, மல்லித்தூள் வேறு! இரண்டையும் குழப்பினால் சட்டி அடுப்பில் இருக்கும்போதே கண்ணீர் வரும். “என்னிடம் இருப்பது வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூள், அதற்கு ஏற்றபடி அளவு சொல்” என்று ஒரு வரி சேர்த்தால் கணக்குச் சரியாகும்.

காணி அளவும் அப்படித்தான். இங்கே பரப்பு, தமிழ்நாட்டில் சென்ட், விவசாய நூல்களில் ஹெக்டேயர்! “10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர்” என்ற வாய்ப்பாட்டைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிட்டு, அதன் பிறகு நாலு பரப்புத் தோட்டத்துக்கு எவ்வளவு விதைவெங்காயம் வேண்டும் என்று கேளுங்கள்.

ஒரே ஒரு வரியால் 17.7 எப்படி 78.7 ஆனது?

இது கட்டுக்கதை இல்லை! டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூகுள் ஆய்வாளர்களும் 2022-இல் சாட்பாட்டை இயக்கும் வகையைச் சேர்ந்த ஒரு மொழி மாதிரியிடம் (மாடல்) கணக்குகள் கொடுத்தார்கள். ஒரு வினாத் தொகுப்பில் சரியான விடை 17.7 சதவீதம். “படிப்படியாகச் சிந்திப்போம்” என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியைச் சேர்த்தார்கள். அதே மொழி மாதிரி, அதே கணக்கு, 78.7 சதவீதம்! அடுத்த வருடம் கூகுள் டீப்மைண்ட் ஆய்வில் ஆழ்ந்து மூச்செடுத்துப் படிப்படியாகச் செய்யச் சொன்ன வாசகம் இன்னும் முன்னே போனது. மூக்கே இல்லாத இயந்திரத்துக்கு மூச்சுப் பயிற்சி!

மந்திரம் ஒன்றும் இல்லை. இயந்திரம் தான் எழுதிய வரியைத் திரும்ப வாசித்துத்தான் அடுத்த சொல்லை எழுதுகிறது. வழியை எழுதிவிட்டு விடைக்குப் போனால் தடுமாற்றம் குறையும். இப்போது வரும் புதிய மாதிரிகள் பல, சொல்லாமலே இப்படிச் சிந்திக்கின்றன. ஆனாலும் சாதாரணதரக் கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இந்த வரி உதவும்: “இலங்கை சாதாரணதரப் பாடத்திட்டப்படி ஒவ்வொரு படியாக வழிகாட்டு. விடையை உடனே சொல்லாதே, அடுத்த படியை நான் சொன்ன பிறகு சரிபார்.” சாட்பாட் விடைப் புத்தகமாக இருந்த நிலை போய் ரியூசன் மாஸ்டர் ஆகிவிடும்!

இரண்டு உதாரணம் போதும், தெரியுமா?

17,500 கோடி அளவுருக்கள் கொண்ட ஜிபிடி-3 பற்றிய 2020-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் பெரிய செய்தியே இதுதான். ஒன்றிரண்டு உதாரணம் காட்டினால், தனிப் பயிற்சி இல்லாமலே இயந்திரம் போக்கைப் பிடித்துவிடும்!

பருத்தித்துறை வடை சுட்டு விற்பவர் “வடைக்கு விளம்பரம் எழுது” என்று கேட்டால் “பாரம்பரியச் சுவையின் உன்னத அனுபவம்!” என்று ஏதோ வரும். யார் வாங்குவார்? அதற்குப் பதிலாக, தான் வாட்ஸ்அப்பில் வழக்கமாகப் போடும் இரண்டு செய்தியை ஒட்டட்டும். “இண்டைக்குச் சுட்டது. காத்துப் போகாமல் கட்டித் தருவம்.” “கனடாவுக்குக் கொண்டுபோறவை முதல்நாளே சொல்லுங்கோ.” இதே தோரணையில் மூன்று செய்தி, ஒவ்வொன்றும் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, ‘சுவை’ என்ற சொல்லே வேண்டாம் என்று கேட்கட்டும். வந்து விழுவதில் கடைக்காரரின் குரல் கேட்கும்!

மானிப்பாய் வைத்தியரிடம் ஒரு பாடம் இருக்கிறது!

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தெரியுமா? நூல்களைத் தமிழாக்க அவருக்கும் மாணவர்களுக்கும் முதலில் தேவைப்பட்டவை கலைச்சொற்கள். அவற்றை உருவாக்கித் தொகுத்தார்கள்.

சாட்பாட்டிடம் மொழிபெயர்ப்புக் கேட்பவருக்கும் இதே வழிதான். பத்துச் சொல் கொண்ட பட்டியலை முதலில் கொடுங்கள். நுளம்பு என்றே எழுது, கொசு வேண்டாம். பிரதேச செயலகம் என்றே எழுது, தாலுகா அலுவலகம் வேண்டாம். டெங்கு அறிவித்தல் ஒன்றைச் சென்னைத் தமிழில் பெற்று, உட்கார்ந்து திருத்தும் வேலை மிச்சம்!

நடுவில் இருப்பது கண்ணில் படாது, தெரியுமா?

2023-இல் ஸ்டான்ஃபோர்ட் உள்ளிட்ட இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நீண்ட ஆவணங்களை மாதிரிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தேவையான தகவல் முதலில் அல்லது கடைசியில் இருந்தால் பிடித்துக்கொண்டன, நடுவில் இருந்தால் கோட்டை விட்டன! இருபது பக்க உறுதியை அப்படியே ஒட்டிவிட்டு நடுவில் கேள்வியைச் செருகாதீர்கள். ஆவணம் முதலில், கேள்வி கடைசியில். ஒட்டும் முன் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் அழித்துவிடுங்கள்!

இல்லாத நூலுக்கும் பக்க எண் தரும்!

2023-இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் சாட்ஜிபிடி கற்பனை செய்த வழக்குகளை நம்பி நீதிமன்றத்தில் காட்டி 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். இணையத்தில் குவிந்து கிடக்கும் அமெரிக்கச் சட்டத்துக்கே இந்தக் கதி! குடாநாட்டு வரலாற்றுக்கு? 1981-இல் எரிக்கப்பட்ட யாழ். பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்னூலாக்கி வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள், இயந்திரம் அவற்றை வாசித்துப் பழகியிருக்கும் என்று நம்ப முடியாது.

எனவே ஊர் வரலாறு கேட்கும்போது உரிய பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, “இதில் உள்ளதை மட்டும் வைத்துச் சொல். இதில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்” என்று கட்டளையிடுங்கள்.

வினா ஆறு, விடை எட்டு! 13-ஆம் நூற்றாண்டிலேயே!

அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று வினாவை ஆறாகப் பிரித்தது நன்னூல். நல்லூர் ஆறுமுக நாவலர் அந்த நூலுக்குக் காண்டிகையுரை பதிப்பித்தார். சமயத்தையே கேள்வியும் பதிலுமாக்கிச் ‘சைவ வினாவிடை’ எழுதியவரும் அவர்தான்!

நன்னூலின் எட்டு விடைகளில் ஒன்று, வினாவுக்கு வினாவாலேயே விடை சொல்வது. சாட்பாட்டை அந்த வழிக்குத் திருப்பலாம், தெரியுமா? கேள்வியின் கடைசியில் “பதில் சொல்லுமுன், உனக்குத் தெளிவில்லாத மூன்றை என்னிடம் கேள்” என்று சேர்த்துப் பாருங்கள். எந்த ஊர்? யாருக்கு? எவ்வளவு நீளம்? நாம் சொல்ல மறந்ததையெல்லாம் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். இன்று இரவே ஒரு தடவை செய்து பாருங்கள்!