உங்களுக்குத் தெரியுமா? கருவின் மூளைக்கும் அயோடின் வேண்டும்

தைராக்சின் ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் போதாவிட்டால் ஹார்மோன் சுரப்பு குறையும். ஈடுகட்டப் போராடும் தைராய்டு சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை. கழலையாவது கண்ணில் படும். கருவுக்கு நேரும் இழப்பு படாது. முதல் 3 மாதங்களில் கருவின் மூளை தாயின் தைராக்சினை நம்பியே வளர்கிறது. அப்போது கடும் குறைபாடு இருந்தால் குழந்தையின் அறிவுத்திறனும் செவித்திறனும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இத்தனைக்கும் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 250 மைக்ரோகிராம்தான்!

இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவர் வி. ராமலிங்கசாமி குழுவினர், அயோடின் கலந்த உப்பு கழலையைக் குறைக்குமா என்று அறிய ஓர் ஆய்வைத் தொடங்கினர். சில ஊர்களுக்கு அயோடின் உப்பும், மற்றவற்றுக்குச் சாதா உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அயோடின் உப்பு சேர்த்த ஊர்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. ஆகவே கல்லுப்பு வாங்கும்போதும் பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.