ரயில் போன தடத்தில் சைக்கிள்: கிளேர் பள்ளத்தாக்குக் குறிப்புகள்

போன ஏப்ரலில் அப்பா ஊரிலிருந்து அடிலெய்டுக்கு வந்திருந்தார். வயது 68. கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே முப்பது வருஷம் சைக்கிளிலேயே வேலைக்குப் போய் வந்தவர். இங்கே வந்த ரெண்டாவது நாள் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். பத்து நிமிஷத்தில் உருட்டிக்கொண்டே திரும்பி வந்துவிட்டார். "அவனவன் பறக்குறான். ஓரத்துல ஒரு கோட்டைப் போட்டு அதுக்குள்ள போன்னா எப்படிப்பா போறது?" என்றார். அதோடு சைக்கிளைத் தொடவில்லை. அவரைச் சொல்வானேன்? ஒரு காரின் பக்கவாட்டுக் கண்ணாடி என் முழங்கையை உரசிப் போன நாளிலிருந்து எனக்கும் அந்தச் சாலையில் ஓட்டத் தைரியம் இல்லை.

அதனால்தான் அவரை கிளேர் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனேன். அடிலெய்டுக்கு வடக்கே ரெண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினுக்குப் பேர்போன இடம். அங்கே ஆபர்ன் என்ற சின்ன ஊரிலிருந்து கிளேர் வழியாக பரீனியா வரை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சுமார் 33 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சரளைப் பாதை போகிறது. பெயர் ரீஸ்லிங் டிரெயில். கார், லாரி எதுவும் அதில் வரக் கூடாது. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

மூணு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு வண்டி எதிரே வரவில்லை. அப்பா நிறுத்திக் காலை ஊன்றி, ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இது யாரு நிலம்?"

வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது. கிராவல் சைக்கிளிங் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டயரைப் பற்றியும் காட்சியைப் பற்றியும் எழுதுவார்கள். இப்படி ஒரு பாதை உண்டாகக் காரணம் நிலம்தான்.

அது ரயில்வே நிலம். ரிவர்ட்டனிலிருந்து கிளேருக்கு 1918இல் ரயில் வந்தது, 1922இல் ஸ்பால்டிங் வரை நீண்டது. 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன்கிழமை அன்று தெற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் ஒரே நாளில் மூண்ட காட்டுத்தீயில் 75 பேர் இறந்தார்கள். கிளேர் பகுதியும் எரிந்தது, ரயில் பாதையும் சேதமானது. ஏற்கெனவே சரக்கெல்லாம் லாரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். செலவு செய்து சரிபார்க்க யாருக்கும் மனமில்லை. 1984இல் பாதையை மூடிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டுப் போயிருக்கலாம். மூடிய ரயில் பாதை என்பது இருபது முப்பது மீட்டர் அகலத்தில், பல மைல் நீளத்தில் கிடக்கிற ஒரு நாடா. பக்கத்துத் தோட்டக்காரருக்குத் துண்டு துண்டாக விற்பது சுலபம். அவரும் சந்தோஷமாக வாங்கி ரெண்டு வரிசை கொடி நட்டுக்கொள்வார். ஆனால் ஒரே ஒரு துண்டு விற்றுவிட்டால் போதும், நாடா அறுந்துவிடும். அப்புறம் அதை ஒட்ட வைக்க எந்த அரசாலும் சுலபத்தில் முடியாது. அமெரிக்காவில் இதற்காகவே, தற்செயலாக அதே 1983இல், சட்டத்தைத் திருத்தினார்கள்: ஓடாத ரயில் பாதையை நடைபாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ வைத்திருக்கலாம், நாளைக்கு ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று. கிளேரில் தண்டவாளம் போனது, நிலம் அறுபடாமல் இருந்தது. 1990களில் உள்ளூர் ஒயின்காரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அதைச் சைக்கிள் பாதையாக்கினார்கள்.

ரயில் விட்டுப்போன இன்னொரு சொத்து அந்தச் சரிவு. இரும்புப் பட்டையில் இரும்புச் சக்கரம் சமதளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும், ஏற்றம் வந்தால் பிடிமானம் இல்லாமல் சுற்றும். அதனால் 100 மீட்டருக்கு 2 மீட்டர் ஏறினாலே ரயிலுக்கு அது கடினமான ஏற்றம். மேட்டை வெட்டி, பள்ளத்தில் கரை கட்டி, குன்றைச் சுற்றி வளைத்து அந்தக் கால இன்ஜினியர்கள் பாதை போட்டது நீராவி இன்ஜினுக்காக. பலன் இப்போது 68 வயது முழங்காலுக்கு. ஆபர்னிலிருந்து பென்வொர்தம், செவன்ஹில் பக்கம் வரை மெல்ல ஏற்றம், அங்கிருந்து கிளேர் வரை இறக்கம். அப்பா ஒரு இடத்திலும் இறங்கித் தள்ளவில்லை. (பாதையிலிருந்து பிரிந்து குன்றுகளுக்குள் போகும் சுற்றுகளும் உண்டு. அவை சாதாரண மண் சாலைகள், ரயிலுக்காகப் போட்டதல்ல. ஏறினால் தெரியும்.)

சரி, ஏன் தார் போடவில்லை? பணம் ஒரு காரணம். இன்னொன்று, தேவையில்லை. ரயில் ஜல்லி மேல் சைக்கிள் ஓட்ட முடியாது. அதன் மேல் பொடிக்கல்லும் கிரஷர் தூளும் கலந்து பரப்பி ரோலர் விட்டால், தூள் கல்லைக் கவ்விக்கொண்டு இறுகிவிடும். கரை உயரமாக இருப்பதால் தண்ணீர் நிற்பதில்லை. இதைக் கெடுப்பது எடை. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் செய்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு: அச்சின் எடை ரெட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. துல்லியமான விதி இல்லை என்றாலும், சைக்கிளால் சாலைக்கு ஒன்றும் ஆகாது என்று புரிந்துகொள்ளப் போதும். லாரி வந்தால் சரளை பள்ளமாகும், வரிவரியாக அலை எழும்பும், "தார் போடுங்க" என்று ஊரே கேட்கும். தார் போட்டால் வேகம் வரும், வேகம் வந்தால் சைக்கிள் காணாமல் போகும். வண்டி வராததால் சரளை சரளையாகவே இருக்கிறது. சரளையாக இருப்பதால் வண்டிக்காரனுக்கும் அதன் மேல் ஆசை வருவதில்லை.

இத்தாலியில் டஸ்கனியின் வெள்ளைச் சாலைகளுக்கு நடந்தது இதன் மறுபக்கம். கியான்ட்டி திராட்சைக் குன்றுகளுக்குள் போகும் அந்தச் சரளைச் சாலைகளில் காரும் டிராக்டரும் வரும், ஆகவே ஒவ்வொன்றாகத் தார் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் 1997இல் லெரோய்கா என்ற பழைய சைக்கிள் விழாவை ஆரம்பித்தார்கள். சாலைக்கு ஒரு பெயரும் புகழும் வந்துவிட்டால் தார் போடக் கை வராது என்ற நம்பிக்கை. பலித்திருக்கிறது. ஆனால் அங்கே ஏற்றம் செங்குத்து. அப்பாவை அங்கே கூட்டிப்போக மாட்டேன்.

கிளேர் பாதையிலும் வண்டியே இல்லை என்று சொல்ல முடியாது. குறுக்கே சாலைகள் வரும். அங்கே நின்று வழி விடவேண்டியது நாம்தான். பக்கத்திலேயே ஹாராக்ஸ் நெடுஞ்சாலை ஓடுகிறது. சில இடங்களில் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஹாராக்ஸ் என்பவர்தான் பென்வொர்தத்தைக் குடியேற்றியவர். 1846இல் துப்பாக்கியில் மருந்து நிரப்பும்போது பக்கத்திலிருந்த அவருடைய ஒட்டகம் அசைந்து, குண்டு அவர் மேலேயே பாய்ந்தது. அந்தக் காயத்தில் இறந்துபோனார். ஒட்டகம் சுட்ட மனிதர் என்று இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அப்பாவுக்கு ஒட்டகத்தைவிடக் கொடியில்தான் கவனம். எங்கள் ஊரில் திராட்சை பந்தலில் படரும், அடியில் நிழலில் நடக்கலாம். இங்கே கம்பியில் கட்டி வேலி மாதிரி வரிசையாக நிற்கிறது. அறுவடை முடிந்து இலை மஞ்சளாகியிருந்தது. "வருஷத்துக்கு ஒரே வெள்ளாமைதானா?" என்று ரெண்டு தடவை கேட்டார். கம்பத்தில் எந்த மாசம் போனாலும் எங்கேயாவது பழம் இருக்கும் என்பதால் அவருக்கு இது பெரிய நஷ்டமாகப் பட்டது. செவன்ஹில்லில் 1851இலிருந்து இருக்கும் இயேசு சபைத் துறவிகள், பூசைக்கு ஒயின் வேண்டும் என்று முதலில் கொடி நட்டார்கள் என்றேன். "அப்ப சாமி காரியம்" என்று ஒத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: 40 மில்லிமீட்டர் டயர், 35 முதல் 40 வரை காற்று. நகரத்து மெல்லிய டயரை இறுக்கி அடித்துக்கொண்டு போனால் கைதான் மரத்துப்போகும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். தண்ணீரை ஆபர்னிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒயின் கூடங்களில் எல்லாவற்றிலும் நின்று ருசி பார்த்தால் கிளேர் போய்ச் சேரமாட்டீர்கள். முக்கியமாக, பாதையின் நடுவிலேயே ஓட்டுங்கள். ஓரத்துக் காய்ந்த புல்லில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நான் படம் எடுத்தேன். அரை கிலோமீட்டர் தாண்டியதும் பின் டயர் படுத்துவிட்டது. டியூபைக் கழற்றித் தடவிப் பார்த்தபோது அப்பாதான் முள்ளை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துச் சிரித்தார். நெருஞ்சி. இங்கே கால்ட்ராப் என்பார்கள், அழிக்கவேண்டிய களை என்று அரசு பட்டியலில் வைத்திருக்கிறது. அதே செடிதான், வேறு ரகம்கூட இல்லை.

அந்த டயருக்கு அவரே ஒட்டுப் போட்டார். மறுநாள் காலை, ஆபர்னிலிருந்து தெற்கே ரிவர்ட்டன் வரைக்கும் அதே பழைய ரயில் தடம் இன்னும் 19 கிலோமீட்டர் பாதையாகப் போகிறதாமே, அதையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.