கால்நடைகளைப் பழக்கும் முறையும் வெள்ளாமைக் காவலும்

காளைக்கன்றை ஏரில் பூட்டிப் பழக்குவதும், மாடுகள் பயிரில் விழாமற் காப்பதும் குடியானவர்களுக்கு நித்திய வேலைகள். பிராணிகள் எவ்விதம் பழகுகின்றன என்பதை அறிந்து செய்தால் இவை எளிதாகும். அறியாமற் செய்தால் அடி மிகுந்து பலன் குறையும்.

அமெரிக்க தேசத்து மனோதத்துவ நிபுணராகிய தார்ண்டைக் என்பவர் பசித்த பூனைகளை மரக்கூண்டில் அடைத்து, வெளியே உணவை வைத்து, 1898-ஆம் வருஷத்தில் தம் பரீட்சைகளை வெளியிட்டார். பூனை கண்டபடி பிறாண்டி, கடைசியில் தற்செயலாய்த் தாழை விடுவித்து வெளிவந்தது. மறுபடி மறுபடி அடைக்கவே, அதற்குப் பிடித்த நேரம் படிப்படியாய்க் குறைந்தது. நற்பலன் தந்த செய்கை ஊன்றும், தராத செய்கை உதிரும் என்பதே அவர் கண்ட விதி. ஸ்கின்னர் என்பவர் எலிகளைக் கொண்டு இதனை விரித்து 1938-இல் நூலாக்கினார்.

இவ்விதி நான்கு வகைப்படும்.

1. நன்மை தருதல்: நுகத்துக்குக் கழுத்துக் கொடுத்த கன்றுக்கு உடனே ஒரு கைப்பிடி பிண்ணாக்கு அளித்தல்.

2. துன்பத்தை நீக்குதல்: கன்று திரும்பிய கணமே மூக்கணாங்கயிற்றைத் தளர்த்துதல்.

3. துன்பம் தருதல்: தார்க்குச்சியால் குத்துதல்.

4. நன்மையை நீக்குதல்: முட்டி மோதும் மாட்டினிடமிருந்து கழுநீர்த் தொட்டியைச் சிறிது நேரம் அகற்றுதல்.

முன்னிரண்டும் செய்கையை வளர்க்கும், பின்னிரண்டும் குறைக்கும். எதுவாயினும் செய்கையை ஒட்டி உடனே நிகழவேண்டும். ஏரவிழ்த்து வீடு வந்தபின் அடித்தால், மாடு அடிப்பவனுக்கு அஞ்சுமேயன்றித் தன் குற்றத்தை அறியாது.

வானூர் வட்டம் பொம்மையார்பாளையம் போன்ற கடலோரக் கிராமத்தில் ஒரு மணிலாக் கொல்லையை எண்ணிப் பார்க்கலாம். வேலியிலுள்ள சந்து பத்து நாளில் இரண்டு நாள் திறந்திருந்தாலும், மாடு நாள்தோறும் அங்கே வரும். எப்போதாவது கிடைக்கும் பலனால் ஊன்றிய பழக்கம், நித்தம் கிடைத்த பலனால் ஊன்றியதைக் காட்டிலும் மெதுவாகவே மறையும். சந்தை அடைத்த முதல் நாட்களில் மாடு முன்னிலும் மும்முரமாய் முட்டக்கூடும். அச்சமயம் வேலி இடங்கொடுத்தால், அம்மும்முரத்துக்கே பரிசளித்ததாகும்.

காட்டுப்பன்றிக்கு அஞ்சி மின்கம்பத்திலிருந்து நேரே கம்பி இழுப்போர் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். முறைப்படி அமைத்த சூரிய மின்வேலி, ஏறக்குறைய வினாடிக்கொரு முறை நொடிப்பொழுது அதிர்ச்சியே தரும். தொட்ட பிராணி விலகிப் பிழைத்து, வேலியை அஞ்சக் கற்கும். நேர் மின்சாரமோ கொன்றுவிடும். செத்த பிராணி எதையும் கற்பதில்லை. அடுத்த பன்றி அறியாமலே வரும். தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சு மாதத்தில் இத்தகைய கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. இருட்டில் நீர் பாய்ச்சச் செல்லும் மனிதரும் இதற்குத் தப்பார்.

ஆகவே நிலச்சுவான்தார்கள் அனுமதி பெற்ற வேலியையே அமைத்து, கம்பியில் புல் தொடாமலும் பாட்டரி தளராமலும் நாள்தோறும் பார்த்துவரவேண்டும். கிராம அலுவலர்கள் திருட்டுக் கம்பியைக் கண்டால், உயிர்ச்சேதம் நேருமுன்னரே மின்வாரியத்துக்கும் வனத்துறைக்கும் தெரிவித்தல் அவசியம்.