ஆடுது கியர்... காரணம் யார்?

'எனக்கு எல்லா வண்டியும் அத்துப்படி' என்று மார்தட்டும் இளைஞர் யாரையாவது ஒரு பழைய அம்பாசடரில் உட்கார வைத்துப் பாருங்கள். சாவியைத் திருகியதும் இடது கை தானாகத் தொடைப் பக்கம் போய்த் துழாவும். அங்கே ஒன்றும் இருக்காது. "சார், கியரை யாரோ கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க!" என்று அலறுவார்.

யாரும் கழட்டவில்லை ஐயா! ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் கியர். பேர், ஹேண்ட் கியர்.

இது அமெரிக்காக்காரன் பரப்பிய ஃபேஷன். 1938 வாக்கில் அங்கே கியரைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டியரிங் தண்டில் மாட்ட ஆரம்பித்தார்கள். முன் சீட்டில் மூன்று பேர் இடிக்காமல் உட்காரலாமே! பழைய பிக்கப் வண்டிகளிலும் இதே ஏற்பாடுதான். கியர் மொத்தமே மூன்று என்பதால் 'மரத்தில் மூணு' என்று அங்கே செல்லப் பெயர்கூட உண்டு. நம்ம ஊர் அம்பாசடரிலும் பத்மினியிலும் இதே ஏற்பாடு இருந்தது. மூன்று பேர் உட்காரும் இடம் என்றால் நம் அகராதியில் ஐந்து பேர் என்று அர்த்தம். கல்யாண கோஷ்டியில் முன் சீட்டில் நடுவே மாட்டிய மச்சான், கியர் மாற்றும்போதெல்லாம் முழங்காலை மடக்கி டிரைவருக்கு ஒத்துழைப்புக் கொடுத்த காலம் அது.

1950-களின் கடைசியில் வந்த அம்பாசடர் 2014-ல் நின்று போனது. மும்பையின் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. ஆனால் வண்டி நின்றாலும் வைத்திருப்பவர்கள் விடுவதாக இல்லை. எங்கள் பெரியப்பா அந்த ரகம்.

ஏற்காட்டில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, ஒரு அம்பாசடர் - இதுதான் பெரியப்பாவின் சொத்து. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவுக்கு ஒரு தரம் கியரைக் குறைத்து ஒரு தரம் கூட்டினால் ஏற 40, இறங்க 40. ஒரு தடவை போய்விட்டு வந்தால் 80 முறை அந்தக் குச்சியை ஆட்ட வேண்டும். இதையே வருஷக்கணக்காகச் செய்தால் இரும்பாக இருந்தால் என்ன, தேயத்தானே செய்யும்?

தேய்ந்தது. போன மழைக்காலத்தில் பார்த்தேன். நியூட்ரலில் விட்டால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடுகிறது கியர். பத்மினிக்கு இப்படி ஆனால், பேருக்கேற்ற நாட்டியம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது அம்பாசடர்!

"பெரியப்பா, கியர் இவ்வளவு லூசா இருக்கே, பயமா இல்லையா?"

"அது என் கைக்குப் பழகிடுச்சுடா. எங்கே தட்டினா எந்த கியர் விழும்னு எனக்குத் தெரியும்."

சேலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். பழைய வண்டிகளோடு தலைநரைத்தவர். "இறக்கத்துல ரெண்டாவது கியர் நிக்குதா, வழுக்குதா?" என்றார்.

"அப்பப்போ தானா நியூட்ரலுக்கு வந்துடுதாம் அண்ணே."

"அப்படின்னா வண்டியைக் கீழே இறக்க வேணாம் தம்பி. ஞாயித்துக்கிழமை நான் மேலே வர்றேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையில் இறங்கும்போது வண்டியைப் பாதி பிடித்து வைப்பது பிரேக் இல்லை, இன்ஜின். சின்ன கியரில் போட்டால் இன்ஜினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். கியர் நழுவி நியூட்ரலுக்குப் போனால் முழு பாரமும் பிரேக் தலையில். பழைய அம்பாசடரில் நாலு சக்கரமும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் டிரம் கொதிக்கும், பிடிமானம் குறையும், பிரேக் ஆயிலே கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரி, "ஏத்தத்துல கியர் விழலேன்னா வண்டி நின்னுடும் தம்பி. இறக்கத்துல விழலேன்னா நிக்காது!"

ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ்ஸில் ஒரு சாக்குப் பையோடு வந்து இறங்கினார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, "நான் சொல்றப்ப மட்டும் கியரை மெதுவா ஆட்டுங்க" என்றார். தான் பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"கியர் ஆடுதுன்னா எல்லாரும் குச்சியைப் பார்ப்பாங்க. குச்சி என்ன பண்ணும்? உங்க கை அசைவு எங்கே செத்துப்போகுதுன்னு பார்க்கணும்" என்றார். அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன்.

ஸ்டியரிங் தண்டை ஒட்டியே கியரின் அசைவு கீழே போகிறது. அடியில் இரண்டு கைகள், அவற்றிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரண்டு ராடுகள். ஒன்று எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்கும். இன்னொன்று கியரை உள்ளே தள்ளும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பின், ஒரு புஷ்.

குச்சி அசைந்தும் அடியில் உள்ள கை அசையவில்லையா? மேலே பிவட் பின் தேய்ந்திருக்கிறது. கை அசைந்தும் ராடு அசையவில்லையா? நடுவில் புஷ் போச்சு. ராடு வரைக்கும் அசைந்து, கியர்பாக்ஸ் லீவர் சும்மா இருக்கிறதா? அந்த முனையில் கோளாறு. ஒவ்வொரு இடத்திலும் நூலளவுதான் இடைவெளி. எல்லாம் சேர்ந்து குச்சி நுனிக்கு வரும்போது ஒரு ஜாண்! நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரிதான். ஒவ்வொரு மேஜையிலும் ஒரே ஒரு நாள் தாமதம், கடைசியில் மூன்று மாதம்.

பெரியப்பா வண்டியில் மூன்று புஷ் காலி. ஒரு ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி சுற்றியிருந்தது! ஸ்டியரிங் தண்டைப் பிடிக்கும் பிராக்கெட்டில் போல்ட் லூஸ். பிவட் பின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. "புது பின் மட்டும் போட்டா ஒரு மாசம் தாங்கும். ஓட்டையை அடைச்சு, லேத்துல வட்டமா மறுபடி துளைக்கணும்" என்று அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி சேலத்துக்கு எடுத்துப் போனார்.

அடுத்த ஞாயிறு மாட்டினார். குச்சியும் நியூட்ரல், கியர்பாக்ஸும் நியூட்ரல். அந்த நிலையில் ராடின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, பின் சுத்தியல் அடி இல்லாமல் தானாக உள்ளே போகிற மாதிரி வைத்தார். "தட்டி நுழைச்சா கியர் பாதிதான் விழும். பாதி விழுந்த கியர்தான் இறக்கத்துல வழுக்கும்." இன்ஜின் மவுண்டிங் ரப்பரையும் அமுக்கிப் பார்த்தார். அது தொய்ந்தால் கியர்பாக்ஸ் இடம் மாறி ராடு கணக்கு கெட்டுவிடுமாம். இவ்வளவும் செய்த பிறகும் கியர் நழுவினால் கோளாறு கியர்பாக்ஸுக்குள்ளே. இறக்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. நல்லவேளை, எங்களுக்கு அந்தச் செலவு வரவில்லை.

அம்பாசடர் என்ற பேரை 2017-ல் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. எங்கள் வண்டிக்கு வாங்கிய புஷ், பின் எல்லாம் சேர்த்து, பெரியப்பாவின் ஒரு வார வெற்றிலைச் செலவைத் தாண்டவில்லை!

ஹேண்ட் கியர் வண்டியில் மலை ஏறுபவர்களுக்கு மெக்கானிக் அண்ணனின் மூன்று கட்டளைகள்:

ஒன்று: எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள்.

இரண்டு: குறுகலான இடத்தில் மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். அது மரியாதை மட்டுமில்லை, மோட்டார் வாகன விதி.

மூன்று: கியர் இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் குச்சியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து ராடுகளைக் கையால் நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். பழைய டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான்.

ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள் சார். அடுத்த வளைவில் பைக்கில் ஒரு புது ஜோடி பேசிக்கொண்டே வந்துகொண்டிருக்கும். அவர்கள் ரோட்டையா பார்க்கப் போகிறார்கள்?